கவலைக்குச் சாட்சி

கடிதம் கொண்டுவந்தவன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். அதை வாசிக்கிற பாடு வீரய்யாவின் தலையில் விழுந்தது. ஐந்தாம் வகுப்பு படித்தவன் என்று அவனுக்கு லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெயர் உண்டு. அந்தப் படிப்பு முடிந்து முப்பத்தைந்து வருசமாகிவிட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீர் வடியும் கான் வெட்டிவிட்டு வந்த செம்மண் காலோடு வாசலில் குந்தி, கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான்.

“‘பிள்ளை மடுவத்தில் கடமையிலிருந்த வேளையில்…’ நம்ம புள்ளக்காம்பராவத்தான் மடுவம்னு போட்டிருக்கான்.”

“சரி, மேல படிங்க,” என்றாள் அவன் மனைவி ரெங்கம்மா. அடுப்பில் ரொட்டி கிடந்தது. அதைத் திருப்பாமல் நின்றாள்.

“‘தங்களின் பாரிய கவலை… கவலையீ… கவலையீனத்தின் காரணமாக மூன்று வயதுப் பிள்ளையொன்று எரிகாயத்துக்கு உள்ளானமை தொடர்பில், தங்களை ஏன் சேவையிலிருந்து நீக்கக்கூடாது என்பதற்கு…’”

“என்னாது கவல?”

“கவலையீனம்.”

“கவலைன்னா கவலதான். ஈனம்னா?”

“ஈனப் பொழப்புன்னு சொல்றோமில்ல. அந்த ஈனமா இருக்கும்.”

ரெங்கம்மா ரொட்டியைத் திருப்பினாள். ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது.

மடுல்சீமைக் கடைத்தெருவிலிருந்து லொறிப் பாதையில் ஆறு மைல் உள்ளே போனால் எங்கள் மொட்டைப்பாறைத் தோட்டம். அங்கே மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ரெங்கம்மா பன்னிரண்டு வருசமாக ஆயா. மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு பிசகியதால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து அந்த வேலைக்குப் போனவள். அது போனால் மறுபடி மலையேற அவளால் முடியாது. வேறு வேலை என்று தோட்டத்தில் ஒன்றும் கிடையாது. வேலை இல்லாத ஆளை எத்தனை நாளைக்கு லயத்தில் வைத்திருப்பார்கள் என்பதும் யாரும் உரக்கப் பேசாத கேள்விதான்.

பிள்ளை வெந்தது 1996 ஜூன் கடைசியில். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. அந்தக் காற்றில் விளைகிற கொழுந்துக்குத்தான் நல்ல விலை என்பதால் நடக்கத் தெரிந்த பெண்களையெல்லாம் மலைக்கு விரட்டுவார்கள். பிள்ளைக்காம்பராவில் கூடமாட இருந்த பெரியாயியையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே பெயர் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். இருபத்து மூன்று பிள்ளைகளோடு ரெங்கம்மா தனியே நின்றாள். பிள்ளைகள் இருக்கும் அறைக்கும் கஞ்சி காய்ச்சும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த கதவு சித்திரையிலேயே கீல் கழன்று விழுந்துவிட்டது. பழுது பார்க்கவென்று தூக்கிப் போனார்கள். போனது போனதுதான். மூன்று தடவை ஆபிசுக்கு நடந்து கேட்டுவிட்டு, கடைசியில் அவளே ஒரு உரச்சாக்கை வெட்டித் தொங்கவிட்டாள். காற்றுக்குச் சாக்கு என்ன செய்யும்! காலை பத்து மணிக்குச் சாக்கு மேலே எழும்பி நின்ற நேரத்தில், பாக்கியலெட்சுமியின் மகள் நிசாந்தினி உள்ளே போய் கஞ்சிச் சட்டியைப் பிடித்து இழுத்தாள். இடது கை தோளிலிருந்து முழங்கை வரை தோல் கழன்றுவிட்டது.

இரவு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவன் கஜேந்திரன் வந்தான். சங்கத்துக் கூட்டங்களுக்குக் கொழும்பு வரை போய் வந்தவன். கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, தெளிவாகத் தலையை ஆட்டினான்.

“இது ஈனப் பொழப்பு இல்ல அண்ணே. கவலை ஈனம்னா கவலை இல்ல. அக்காவுக்கு புள்ள வெந்தது பத்தி கவலயே இல்லையாம். அதான் குத்தம்.”

“எனக்கா?” ரெங்கம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். “எனக்கா கவல இல்ல?”

“அவனுங்க அப்புடித்தான் எழுதுவானுங்க. நீங்க பயப்படாதீங்க அக்கா. கவல இருந்திச்சுன்னு சாட்சியோட காட்டிட்டா கேசு அம்போன்னு போயிரும். இதவிட லேசான கேசு நா பாத்ததில்ல.”

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த நாட்டுக் கோர்ட்டிலும் அரசாங்கக் கச்சேரியிலும் எழுதுகிற தமிழில் கவலையீனம் என்றால் கவனமில்லாமை. யாழ்ப்பாணத்து வீடுகளில் பால் பொங்கி வழிந்தால்கூட அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். கடிதத்தை எழுதிய பெரிய கிளாக்கர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு அது தாய் சொல்லித் தந்த சொல். தோட்டத்தில் கவலை என்பது நெஞ்சுக்குள் கிடக்கிற சங்கதி. அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து விசாரணை நாள் வரை அந்த வீடு முழுதும் ஒரே வேலையாக நின்றது. ரெங்கம்மாவுக்குக் கவலை இருந்ததற்குச் சாட்சி தேடும் வேலை.

சாட்சிக்கு என்ன குறைச்சல்? பதுளை ஆஸ்பத்திரிக்கு அவள் மூன்று தரம் போய் வந்தாள். மூன்று தரமும் வார்டு வாசலோடு திரும்பினாள். பாக்கியம் அவளைக் கட்டிலண்டை விடவில்லை. பகல் சோறு சாப்பிடுவதை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் ஊசி குத்தியிருந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் கடை வைத்திருக்கும் ஸரூக் நானாவிடம் கஜேந்திரன் போய்க் கேட்டதும், அவர் கடைக் கடுதாசியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ‘மேற்படி ரெங்கம்மா எனது கடை முன்னால் பஸ்ஸுக்கு நின்ற வேளையில் அழுதது உண்மை. நான் கண்ணால் கண்டேன்.’ கீழே கையெழுத்தும், அதன்மேல் கடை முத்திரையும் இருந்தது.

“முத்திர குத்தியிருக்காரு பாத்தீங்களா,” என்றான் கஜேந்திரன். “இனி எவன் மறுப்பான்?”

ஆனால் உண்மையான சாட்சி ஒருத்திதான் என்பது ரெங்கம்மாவுக்குத் தெரியும். அவளோ இவளோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாக்கியம் லயத்துக்கு வந்து ஒரு வாரமாகியிருந்தது. இரண்டு காம்பரா தள்ளித்தான் வீடு. உப்புக்கும் சம்பலுக்கும் ஒரு காலத்தில் நாளுக்கு நாலு தடவை வந்து போன கால் அது. ஒரு நாள் விடியலில் ஊற்று நீர் விழும் பீலியில் பாக்கியம் தண்ணீர் பிடிக்கும்போது ரெங்கம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

“பாக்கியம். நீ எங்கூட பேச வேணாம். விசாரணைக்கு மட்டும் வா. எனக்கு கவல இருந்திச்சா இல்லையான்னு ஒனக்கு தெரிஞ்சத சொல்லிட்டு போயிரு.”

வாளி நிறைந்து வழிந்தது. பாக்கியம் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ரெங்கம்மா தன் குடத்தைப் பீலியின் கீழ் வைத்துவிட்டு எதற்கு வந்தோம் என்று மறந்தவளாக நின்றாள்.

விசாரணை தோட்ட ஆபிசில் நடந்தது. கம்பனி அனுப்பிய விசாரணை ஐயா சிங்களவர், நடுத்தர வயது, தடுமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாததால் அம்பலவாணர்தான் இரண்டு பக்கமும் மொழி மாற்றிச் சொல்ல வேண்டும், எழுதவும் வேண்டும். கூரைத் தகரம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பகல் சாப்பாட்டுக்கு விட்ட சனம் ரொட்டியைக் கையில் வைத்துத் தின்றபடி எட்டிப் பார்த்தது.

“ரெங்கம்மா, உமக்கெதிரான குற்றச்சாட்டு உமக்கு விளங்குதோ?” என்று கேட்டார் அம்பலவாணர்.

“வெளங்குதுங்க ஐயா.”

“அதுக்கு நீர் என்ன சொல்லுறீர்?”

“அபாண்டங்க. எனக்கு கவல இல்லன்னு சொன்ன வாயி அழுகிப் போயிரும். ஒரு மாசமா நா பகல் சோறு திங்கலைங்க. கண்ண மூடுனா அந்தப் புள்ள கத்துனதுதாங்க கேக்குது. கவல இல்லாமயா நா பதுளைக்கு போயி வாசல்ல நின்னேன்?”

அம்பலவாணரின் பேனா நின்றுவிட்டது. அதற்குள் கஜேந்திரன் எழுந்து சாட்சிக் கடுதாசிகளை மேசையில் பரப்பி, ஸரூக் நானாவின் கடிதத்தை உரக்க வாசித்தான். ‘அழுதது உண்மை’ என்ற இடத்தில் ஜன்னலுக்கு வெளியே யாரோ “ஆமா, நானும் பாத்தேன்” என்றார்கள். விசாரணை ஐயா என்ன இதெல்லாம் என்று கேட்டார். அம்பலவாணர் மெல்லிய குரலில் சொன்னார். விசாரணை ஐயா முதலில் சிரித்தார். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, சரியாக விளக்கிச் சொல்லும்படி கையைக் காட்டினார்.

“பிள்ளை, இஞ்சை பாரும்,” என்றார் அம்பலவாணர். “கவலையீனம் எண்டால் கவலை இல்லாதது எண்டு அர்த்தமில்லை. கவனம் இல்லாதது. ஒரு வேலையை ஒப்படைச்ச ஆள், அந்த வேலைக்கு எவ்வளவு கவனம் வேணுமோ அவ்வளவு கவனமாய்ப் பாக்காமல் விட்டால், அதுக்குத்தான் சட்டத்திலை அப்பிடிச் சொல்லுறது.”

“அப்ப கவலைக்கு என்னாங்க சொல்றது?”

“அதைப் பற்றிச் சட்டம் கேக்கிறேல்லை.”

கஜேந்திரன் கடுதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவன் காது சிவந்துவிட்டது. மூன்று வாரமாகத் தேடிய சாட்சியெல்லாம் அந்தப் பைக்குள் போய் அடங்கியது. ரெங்கம்மா மேசைக்குக் கிட்டப் போனாள்.

“கவனமாங்க…” என்றாள். “கவனம் இருந்திச்சுங்க. இருபத்தி மூணு புள்ளைங்க. அந்நேரம் தொட்டில்ல கெடந்த கைப்புள்ளைக்கு சளி கட்டி மூச்சு நின்னு போச்சு. அத தூக்கி முதுகுல தட்டிக்கிட்டு இருந்தேன். கவனம் பூரா அதுமேல இருந்திச்சு. நிசாந்தினி மேல இல்லைங்க. இல்லாதத இருந்திச்சுன்னு நா பொய் சொல்ல மாட்டேன்.”

அம்பலவாணர் அதைச் சிங்களத்தில் சொன்னார். எழுதும்படி விசாரணை ஐயா தலையசைத்தார். எழுதினார்.

“கதவ எழுதுங்க ஐயா!” கஜேந்திரனுக்கு அப்போதுதான் மூளை திரும்பியது. “கதவில்லாத வாசலுங்க அது. இந்தம்மா மூணு தடவ ஆபிசுல வந்து சொல்லியிருக்கு.”

எழுத்தில் ஏதாவது உண்டா என்று விசாரணை ஐயா கேட்டார். கேள்வி தமிழில் வரவில்லை. அது அம்பலவாணரையே பார்த்துக் கேட்ட கேள்வி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தேடிப் பாக்க வேணும்,” என்றார் தமிழிலும், பிறகு சிங்களத்திலும்.

அவர் தேடப் போகவில்லை. தேடச் சொல்லி யாரும் அவரை வற்புறுத்தவும் இல்லை.

கடைசியாகப் பாக்கியலெட்சுமியைக் கூப்பிட்டார்கள். அவள் வந்திருப்பாள் என்று ரெங்கம்மா நினைத்திருக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி, லயத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக வந்திருந்தாள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அப்படியே இருந்தது. கட்டுப் போட்ட கையோடு பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஆயாவிலை உமக்கு என்ன முறைப்பாடு?”

“அந்தக்கா எங்கிட்ட வேற சொல்லி கூப்பிட்டாங்க. கவல இருந்திச்சான்னு கேப்பாங்கன்னாங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

“அது தேவையில்லை எண்டு இப்ப தெரியுந்தானே. கவனத்தைப் பற்றிச் சொல்லும்.”

பாக்கியம் பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றினாள்.

“கவனம் இல்லன்னா எனக்கும்தாங்க இல்ல. கதவு இல்லாதத நா தெனம் பாத்தேன். சாக்கு பறக்குறதையும் பாத்தேன். ஒரு நாளாச்சும் புள்ளைய விட்டுட்டு போகாம இருந்தேனா? பெரட்டுக்கு பிந்துனா அர நாள் பேர வெட்டிருவாங்கன்னு ஓடுனேன். அவுங்கள மட்டும் சொன்னா எப்புடிங்க?”

முப்பது நாளாக முகம் பார்க்காதவள் எல்லார் முன்னாலும் இப்படிச் சொல்வாள் என்று யார் கண்டது? ரெங்கம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். எங்களுக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கஜேந்திரன் ஜெயித்துவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். விசாரணை ஐயா மட்டும் மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, அவள் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி அம்பலவாணரிடம் கேட்டார். கேட்டுவிட்டு, அதைச் சொல்லுக்குச் சொல் எழுதச் சொன்னார்.

முடிவு பதினோராம் நாள் வந்தது. அம்பலவாணர் அதை ஆளிடம் கொடுத்தனுப்பாமல் ரெங்கம்மாவை ஆபிசுக்குக் கூப்பிட்டார். அங்கே வேறு யாரும் இல்லை. வாசித்துக் காட்டவா என்று கேட்டார்.

“அவரு படிப்பாருங்க. என்னா போட்டிருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

“வேலை போயிட்டுது, பிள்ளை.”

அவள் கதவோரம் இருந்த வாங்குப் பலகையில் மெல்ல உட்கார்ந்தாள். ஆபிசில் தோட்டத்து ஆட்கள் உட்காருவது வழக்கமில்லை. அன்று அதை அவரும் பார்க்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

“ஒங்க ஊர்ல கவல இல்லாம இருக்கிறது அவ்வளவு குத்தமாங்க ஐயா?”

“எங்கட ஊரிலை இப்ப கவலை இல்லாத ஒரு சனமும் இல்லை,” என்றார் அவர். “போன ஐப்பசியிலை சண்டைக்குப் பயந்து எல்லாரும் வெளிக்கிட்டு ஓடினவை. என்ரை தங்கச்சியும் பிள்ளையளும் கிளிநொச்சிப் பக்கம் எண்டு கேள்வி. எங்கை எண்டு தெரியாது.” பிறகு மேசை லாச்சியைப் பாதி இழுத்தார், மறுபடி தள்ளினார். “நீர் வந்து கதவு கேட்டதை நான் புத்தகத்திலை எழுதினனான். மூண்டு தரமும் திகதி போட்டு. அது இதுக்கைதான் கிடந்தது.”

“இப்ப எடுத்து குடுங்களேன்.”

“முடிவு கொழும்புக்குப் போயிட்டுது. எனக்கு இன்னும் எட்டு மாதம் சேவை கிடக்கு. இந்த நேரத்திலை, இந்த இடத்திலை, யாழ்ப்பாணத்தான் நான் ஒரு வார்த்தை மாறிச் சொன்னால்…” அவர் லாச்சியைப் பூட்டினார்.

ரெங்கம்மா எழுந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு பலம் வேண்டியிருக்கிறது.

“தங்கச்சி நல்லா இருப்பாங்க ஐயா,” என்றுவிட்டுப் படியிறங்கினாள்.

வீரய்யா வாசலில் குந்தி அந்தக் கடிதத்தையும் வாசித்தான். இந்த முறை சொல்லில் தடுக்கவில்லை. “‘மேற்படி சம்பவம் ஆயாவினதும் தாயாரினதும் கவலையீனத்தினால் நேர்ந்தது. தாயார் அதனைத் தானே ஒப்புக்கொண்டுள்ளார். தோட்ட நிருவாகத்தின் பக்கம் எவ்விதக் கவலையீனமும் காணப்படவில்லை.’” அவன் நிறுத்தி அவளைப் பார்த்தான். “நம்ம கணக்குப்படி பாத்தா தோட்டத்துக்குத்தான் ரொம்ப கவல போல இருக்கு.”

“பாக்கியத்தையுமா சேத்திருக்கான்?”

“சேத்துட்டான்.”

“அவ பெத்தவ. அவளையுமா?” வேலை போன சேதி கேட்டும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். தன் வேலை போனதற்கு அல்ல, தனக்காக வாய் திறந்தவளின் பெயர் அந்தக் கடுதாசியில் ஏறியதற்கு அழுதாள். அந்தச் செய்தி இரண்டு காம்பரா தாண்டிப் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பாக்கியம் அன்று வெளியே வரவில்லை. தன்னால்தான் இது வந்தது என்று அவளிடம் போய்ச் சொல்ல ரெங்கம்மாவுக்கும் கால் எழவில்லை.

மறுநாள் விடிந்து பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கிற நேரம். ரெங்கம்மா அடுப்பு மூட்டித் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்திருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துப் பாக்கியம் நின்றாள். நேரே உள்ளே வந்து நிசாந்தினியைப் பாயில் இறக்கிவிட்டாள்.

“மத்தியானம் வந்து சோறு குடுத்துட்டு போறேன்.”

“புள்ளக்காம்பராவுக்கு புது ஆளு வந்திருக்குல்ல?”

“வந்திருக்கு.”

“அப்புறம் ஏன் இங்க?”

“புது ஆளு ஒருத்திதான் நிக்கிறா.” பாக்கியம் கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்தாள். “அக்கா, வேற யாருகிட்ட நா விடுவேன்?”

“எங்கிட்டயாடி? எழுத்துல போட்டு குடுத்திருக்கானே, எனக்கு அது இல்லன்னு.”

“எனக்கும்தானே போட்டிருக்கான்,” என்றாள் பாக்கியம். தப்புச் சத்தம் இரண்டாம் தரம் கேட்டதும் ஓடிப்போனாள்.

பிள்ளை பாயில் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையைத் தூக்கி ரெங்கம்மாவைப் பார்த்தது. பிறகு எழுந்து, அடுப்பில் எரிகிற நெருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தது. ரெங்கம்மா குடத்தை எடுத்தாள். அடுப்பிலிருந்த கேத்தலை இறக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். குடத்துத் தண்ணீர் முழுவதையும் அடுப்புக்குள் கவிழ்த்தாள். சாம்பலும் புகையுமாக எழும்பி அடங்கும் வரை பிள்ளையை மறுகையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பகலுக்கு வீரய்யா வந்தபோது தேத்தண்ணி இல்லை. ரொட்டியும் சுடவில்லை. பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் ஈர அடுப்பைப் பார்த்தான், பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான்.